இரண்டாவது பாத்திரம்

"அப்பா, ஒரே கைக்கு ரெண்டு பேருகிட்ட காசு வாங்கலாமா?"

டெஸ்ஸி விளையாட்டாகத்தான் கேட்டாள். லோவெல்லுக்குச் சுருக்கென்றது. மர ஆலையில் வலது கை நசுங்கியதற்கு வாராவாரம் இழப்பீடு வந்துகொண்டிருந்தது. அது வரும்போது, உடல் முடியாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையையும் கேட்பது திருட்டு என்று நினைத்தான். எங்கள் மலைப்பக்கத்துத் திருச்சபையில் பலரும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் இழப்பீடு அடுத்த ஆண்டோடு நின்றுவிடும். பிறகு வீடு கைவிட்டுப் போகும்.

பக்கத்து வீட்டு மார்வா, கண்ணாடிப் பாத்திரத்தில் கோழிக்குழம்போடு வந்தாள்.

"இன்னும் விண்ணப்பம் போடலையாமே?"

"வேணாம்க்கா. ரெண்டு பக்கமும் கை நீட்டக்கூடாது."

"உனக்கு நீட்ட இருக்கிறதே ஒரு கை. அதையும் மடக்கி வச்சிருக்கே."

விபத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் சிரித்தான்.

"ஆஸ்பத்திரியிலருந்து வந்தப்ப, ஒரே நாள்ல நானும் எதிர்வீட்டு எடித்தும் சாப்பாடு கொண்டாந்தோமே. எடித்கிட்ட என்ன சொன்னே?"

"மார்வாக்கா சாப்பாடு வந்துருச்சு, கொஞ்சமா வைங்கன்னேன்."

"அது திருட்டா?"

"இல்ல."

"இதுவும் அப்படித்தான் தம்பி. இழப்பீடு வருதுன்னு மறைக்காம சொல்லிடு. ரெண்டும் சேர்ந்து பழைய சம்பளத்துல எண்பது சதவீதத்தைத் தாண்டுனா, குறைச்சுத் தருவாங்க. இழப்பீடு நின்னதும் சொல்லு, கூட்டித் தருவாங்க. அந்த உதவித்தொகை உன் சம்பளத்துல பிடிச்ச பணம்தானே. ரொம்ப வருஷம் தள்ளிப்போட்டா கேக்குற உரிமையே போயிடும். என் வீட்டுக்காரர் வீம்புல அப்படித்தான் விட்டாரு."

மறுநாள் மார்வா வேலைக்கு விடுப்புப் போட்டு, அவனை உதவித்தொகை அலுவலகத்துக்குக் காரில் அழைத்துப்போனாள். அங்கே யாரும் கேட்குமுன்பே அவன் இழப்பீட்டைப் பற்றிச் சொன்னான்.

சில மாதங்கள் கழித்து, குறைக்கப்பட்ட தொகை வந்தது. இழப்பீடு நின்றபோது அது கூடியது. வீடு தங்கியது.

"வாங்கலாம்மா," என்றான் டெஸ்ஸியிடம். "ஒருத்தர் தர்றது இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

எங்களிடையே யாரும் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருவதில்லை. மார்வாவின் பாத்திரம் அதனாலேயே அவன் அலமாரியில் இத்தனை நாள் காத்திருந்தது. யாருடையது என்று தெரிய அடியில் ஒட்டிய காகிதப் பட்டியில் அவள் பெயர் மங்கிவிட்டது.

மார்வா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், இடது கையால் மாவு கலந்து சோளரொட்டி சுட்டான். புதுப் பட்டி ஒட்டி, அதே கையால் அவள் பெயரைக் கோணலாக எழுதினான். ரொட்டியைப் பாத்திரத்தில் வைத்து, துணியால் மூடி, அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். பாத்திரம் இன்னும் சூடாக இருந்தது.