குறையில்லாத பஞ்சலிங்கம்

உரும்பிராய் வாசிகசாலையில் அருந்ததி தன் கவிதையைப் படித்து முடித்த சனிக்கிழமை, அவளுடைய கால்கள் சீமெந்துத் தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பின. அன்று திருநெல்வேலிச் சந்தையில் சின்ன வெங்காயம் கிலோ முன்னூற்றெண்பது ரூபாய். இரண்டில் வெங்காய விலையைப் பற்றித்தான் ஊர் கூடுதலாகக் கதைத்தது. எழுத்து வகுப்பை நடத்திய தர்சிகா, உடுப்பிட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண், கவிதை எழுதுகிற சிலருக்கு இப்படி நடக்கும், ஓசை சரியாக விழுந்திருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று சொல்லி, முன்னெச்சரிக்கையாக மின்விசிறியை நிறுத்தினாள். அருந்ததியின் கணவர் பஞ்சலிங்கம் மோட்டார் சைக்கிளில் வந்து, முருங்கைக்காய் பறிக்கிற கொக்கத்தடியைச் சேலைத் தலைப்பில் கொளுவி அவளைக் கீழே இறக்கினார். இந்த வயதில் இதெல்லாம் தேவையோ என்று வழி முழுக்க முறுமுறுத்துக்கொண்டே வீட்டுக்கு ஏற்றிப் போனார்.

அந்த வகுப்பில் மாதம் ஒரு வடிவம் படிப்பித்தார்கள். சிறுகதை மாதத்தில் அருந்ததியின் வீட்டுப் பொழுதுகள் நடுவில் தொடங்கிச் சட்டென்று முடிந்தன. உலையில் அரிசி போட்டுவிட்டுத் திரும்பினால் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். நாடக மாதத்தில், எங்கே போகிறேன் என்று உரக்கச் சொல்லாமல் ஒருவராலும் அறையை விட்டு வெளியேற முடியவில்லை. பஞ்சலிங்கம் இரவில் இரண்டு முறை எழும்புகிற ஆள் என்பதால் அது அவருக்குப் பெரிய வெட்கக்கேடாகப் போய்விட்டது. மயிலிட்டியிலிருந்து வந்து படித்த கனிசியஸ் கடலை எழுதியபோது வாசிகசாலைக்குள் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர் நின்றது. அவர் நல்ல மனுசன், தானே வாளியால் அள்ளி வெளியே ஊற்றி, இரண்டு மீனையும் தர்சிகாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். இதற்கெல்லாம் யாரும் வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அருந்ததியோ கல்யாணமான நாளிலிருந்து காணாத சந்தோஷத்தில், சந்தைக்குப் போகும்போதும் பாதி மிதந்தபடிதான் போனாள்.

வினை இரங்கற்பாவில் வந்தது. இறந்த ஒருவருக்குப் பாட்டு எழுதி வரும்படி தர்சிகா சொன்னாள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் அவரைப் புகழ்ந்து ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். வேறு புத்தகமே இல்லாத வீட்டிலும் அலுமாரிக்குள் இருபது முப்பது கல்வெட்டு கிடக்கும். அருந்ததி யோசித்துப் பார்த்தாள்; அவளுக்குத் தெரிந்த செத்தவர்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே கல்வெட்டு அடித்தாகிவிட்டது. மிச்சமாகக் கைக்கெட்டிய ஆள், விறாந்தையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நீரிறைக்கும் மோட்டரைக் கழற்றிக் கொண்டிருந்த பஞ்சலிங்கம்தான். அவருக்கே எழுதிவிட்டாள். கல்வெட்டில் குறை எழுதுகிற வழக்கம் எங்கும் இல்லை. அதனால் அவர் அன்பின் உறைவிடம், பொறுமையின் சிகரம், அயலவர்க்கு நிழல், அதிர்ந்து பேசாதவர் என்று முறைப்படி எல்லாம் வந்தது.

அவள் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் பஞ்சலிங்கம் அதை எடுத்து வாசித்துவிட்டார். கோபிக்கவில்லை. மூன்று தரம் வாசித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து அவர், அவள் எழுதியபடியே ஆகிவிட்டார். தேத்தண்ணியில் சீனி குறைந்தபோதும் நன்றி சொன்னார். ஈரத் துவாயைக் கதிரையில் போடாமல் கொடியில் விரித்தார். பக்கத்து வீட்டு ஜெயரூபனின் காணிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்திருந்த வேலியைத் தானே பிடுங்கி, பழைய எல்லையில் நட்டுக் கொடுத்து மன்னிப்பும் கேட்டார். ஜெயரூபன் பயந்துபோய் அன்றைக்கே ரத்தம் சோதிக்கப் போனான். அருந்ததிக்கு முதலில் வாய் கொள்ளாச் சிரிப்பு. கலியாணம் கட்டும்போது கேட்டிருந்த மாப்பிள்ளை இப்போதுதான் வந்திருக்கிறார் என்று அக்காவுக்கு வாட்ஸப்பில் சொன்னாள்.

பிறகுதான் கவனித்தாள், அவர் ஈர வெங்காயப் பாத்தியில் நடந்தால் சுவடு விழவில்லை. இருந்தால் கதிரை கிறீச்சிடவில்லை. உரம் நிறுக்கிற தராசில் ஏறி நின்றபோது முள் அசையவே இல்லை. வளர்த்த நாய் அவரைத் தாண்டித் தெருவைப் பார்த்துக் குரைத்தது. குறை இல்லாத மனுசனுக்குப் பாரம் எங்கிருந்து வரும்? ஊர் இதைச் சாதாரணமாகவே எடுத்துக்கொண்டது. பெண்கள் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்து அருந்ததியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பஞ்சலிங்கமே அவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். கல்வெட்டு வந்துவிட்டதால் அந்தியேட்டியும் வரத்தானே வேண்டும் என்று ஐயர், எழுதிய நாளிலிருந்து எண்ணித் தேதி குறித்துக் கொடுத்தார். அன்றோடு அவர் போய்விடுவார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அருந்ததிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனுசனோடு அவளுக்கு ஆயிரம் வழக்கு உண்டு. ஆனாலும் அவர் இல்லாத வீட்டை அவளால் நினைக்க முடியவில்லை.

வகுப்பில் அவள் அழுதபோது தர்சிகா அந்தக் கல்வெட்டை வாங்கி வாசித்தாள். “அன்ரி, பாட்டு வடிவாயிருக்கு. ஆனா இதுக்குள்ளை அங்கிள் இல்லை. நாவல் எழுதுங்கோ. அது குறையில்லாத ஆளை உள்ளுக்கே விடாது” என்றாள்.

அருந்ததி அன்றைக்கே தொடங்கினாள். முதல் அத்தியாயத்தில் அவருடைய குறட்டையை எழுதினாள். அன்றிரவு தகரக் கூரை அதிர்ந்தது. கலியாண வீடுகளில் இரண்டாம் பந்தியிலும் போய் இருக்கிற பழக்கத்தை எழுதினாள். தராசு முள் கொஞ்சம் அசைந்தது. வேலிக் கதையை எழுதிய மறுநாள் விடிய அவர் கதியால்களைப் பிடுங்கி மறுபடி ஜெயரூபன் பக்கம் நட்டார். ஜெயரூபனுக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. வேலிக்கு மேலாக எட்டி நின்று மதியம் வரைக்கும் அவரை வாயார ஏசினான். அந்த ஏச்சைக் கேட்டு அருந்ததி குசினிக்குள் நின்று கை தட்டினாள். ஆனாலும் பாத்தியில் சுவடு மட்டும் விழவில்லை. அந்தியேட்டிக்கு முதல் நாள் முற்றத்தில் பந்தலும் போட்டாயிற்று. எது குறைகிறது என்று அவளுக்குத் தெரியும். அதை எழுத அவளுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அது தனக்கு வலித்தது என்பதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கலியாணமான புதிதில் அவளுடைய கவிதை ஒன்று பேப்பரில் வந்தது. பஞ்சலிங்கம் அதைத் தன் தங்கையின் கலியாண வீட்டில், சபை நடுவில், மூக்கால் இழுத்து இழுத்து வாசித்துக் காட்டினார். இனசனம் முழுக்க வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. அதன் பிறகு இருபது வருடம் அவள் ஒரு வரியும் எழுதவில்லை. இப்போது பேனையை அழுத்திப் பிடித்து, யார் யார் சிரித்தார்கள், யாருடைய வாயில் வெற்றிலை இருந்தது என்பது வரைக்கும் எழுதினாள். கடைசி வரியில் முற்றுப்புள்ளி வைத்ததும் விறாந்தையில் கதிரை முறிகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். பஞ்சலிங்கம் முழுப் பாரத்தோடு நிலத்தில் இருந்தார். நாய் அவருடைய முகத்தை நக்கிக் கொண்டிருந்தது.

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்து, மை காயாத பக்கத்தை வாசித்தார்.

“அண்டைக்கு எல்லாரும் சிரிச்சவை. நீயும்தானே சிரிச்சனி” என்றார்.

“நான் சிரிக்கேல்லை. அழக் கூடாதெண்டு பல்லைக் காட்டினனான்.”

அவர் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து இன்னொரு தரம் வாசித்தார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“இதை வெட்டிப் போடாதை” என்றார்.

மறுநாள் அந்தியேட்டிக்கு வந்த சனத்தைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. வடை சுட்டாயிற்று, பாயாசமும் இறக்கியாயிற்று. ஆள் போகவில்லை என்று தெரிந்ததும் ஐயர் தட்சணையைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் பந்தியில் இருந்தார். அன்று சிரித்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பந்தலுக்குள் இருந்தார்கள். பஞ்சலிங்கம் எழும்பி நடுவில் வந்து நின்று, பழைய கவிதையைச் சொல்லத் தொடங்கினார். பேப்பர் என்றைக்கோ போய்விட்டது, அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. கேலி செய்வதற்காக அன்று மனப்பாடம் செய்தது, இருபது வருடமாக ஒரு சொல்லும் உதிராமல் அவருக்குள் கிடந்திருக்கிறது. ‘வெங்காயத் தாளுக்குள்ளே இன்னும் ஒரு மழை மிச்சம் இருக்கிறது’ என்று முடிகிற கவிதை. மூக்கால் இழுக்காமல், தன் சொந்தக் குரலில் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அருந்ததி பாயாச அகப்பையோடு மேலே எழும்பினாள். வாசிகசாலையில் நடந்தது போல ஒரு முழத்தில் நிற்கவில்லை, பந்தல் கூரையில் தலை முட்டும் வரைக்கும் போனாள். ஜெயரூபன் ஓடிப்போய்க் கொக்கத்தடியை எடுத்து வந்தான். பஞ்சலிங்கம் அதை வாங்கினார், ஆனால் இறக்கவில்லை. நுனியில் ஒரு வடையைக் குத்தி மேலே நீட்டினார். அவள் அங்கிருந்தபடியே அதைச் சாப்பிட்டாள், சாப்பிட்டு முடிந்ததும் இன்னொன்று கேட்டாள்.

நாவல் இன்னும் முடியவில்லை. தினமும் எழுதத் தக்கதாக அவர் ஏதாவது செய்துகொண்டே இருக்கிறார். இப்போது உரும்பிராயில் பந்தல் போடுகிறவர்கள், அருந்ததி அக்கா வருவாவோ என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கூரையின் உயரத்தை முடிவு செய்கிறார்கள்.