ஆலைச் சங்கு கேட்கும் பாட்டு

“என் பேரு எலி. அது எங்க அக்கா வச்ச பேரு, அவ ஒருத்திதான் அப்படிக் கூப்பிடுவா. வயசு இருபத்தி மூணு. கடல் தாண்டி வந்து ரெண்டு வருஷமாச்சு. ஒரு ஆஸ்பத்திரியோட சலவைக்கூடத்துல வேலை பாக்குறேன், அதுக்குப் பின்னாடி இருக்கிற கட்டடத்துல மூணாவது மாடியில இருக்கேன். இந்தப் பாட்டுக்குக் கீழ இதுவரைக்கும் நானூறு பேர் கமெண்ட் போட்டிருக்கீங்க. நான் சொல்லப்போறது பாட்டைப் பத்தி இல்லை…”

அத்தோடு எலி நிறுத்திவிட்டான். கைப்பேசித் திரையில் மைக்கின் சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டிலில் உட்கார்ந்திருந்த வெல்டர், “நிறுத்தாதடா, சொல்லு. நேரம் ஓடுது,” என்றார்.

ஊர் நேரப்படி இரவு மணி ஒன்று. மூன்று மணி நேரத்துக்கு முன்னால் அந்த அறை கல்யாண வீடு மாதிரி இருந்தது.

அன்று வார விடுமுறை. ‘ஈரச்சுவர்’ என்ற சின்ன இசைக்குழு, இரண்டு வருஷம் சத்தமே இல்லாமல் கிடந்துவிட்டு, ஐந்து புதுப் பாட்டுகளை ஒரே மூச்சில் வெளியிட்டிருந்தது. பெரிய கம்பெனி கிடையாது, முகம் காட்ட மாட்டார்கள், பேட்டி கொடுக்க மாட்டார்கள். பாட்டுக்குக் கீழே ரசிகர்கள் எழுதுவதைப் படிப்பார்கள். எப்போதாவது ஒரு வார்த்தை பதில் வரும். அவர்களைப் பிடிக்க அது ஒன்றுதான் வழி.

அறையில் மூன்று பேர், மூவருமே அந்தக் குழுவுக்கு அடிமை. வெல்டர் நாற்பதைத் தொடப்போகிறவர். டிரம்மர் என்று அழைக்கப்படுகிறவன் சலவைக்கூடத்தில் டிரையர் பக்கம் நிற்பவன்; கவிழ்ந்த வாளியைக் கண்டால் தட்டாமல் தாண்டிப் போகத் தெரியாது, அதனால் வந்த பெயர். மூன்றாவது ஆள் எலி.

எலி அப்போது சுவரோரம் உட்கார்ந்து அம்மாவுக்கு வாராந்திரச் சேதி சொல்லிக்கொண்டிருந்தான். அவன் எதையும் தட்டி எழுதுவதில்லை. இரண்டு வருஷமாகப் பிளீச்சிங் தண்ணீரில் ஊறி விரல் நுனிகளில் ரேகையே இல்லை. திரை அவன் விரலை விரலாகவே மதிப்பதில்லை. அம்மாவுக்கோ காது சுத்தமாகக் கேட்காது, பேசி அனுப்பினால் வீண். ஆகவே அவன் பேசுவான், கைப்பேசி எழுத்தாக்கும், அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பாள். பேச்சை நிறுத்தி மூன்று விநாடி ஆனால் எழுதியது தானாகவே குடும்பக் குழுவுக்குப் போய்விடும். அப்படி அமைத்துக் கொடுத்தவர் வெல்டர். முடிந்ததும் மைக்கை விரல் முட்டியால் தட்டி மூடுவது எலியின் பழக்கம்.

“சாப்பிட்டேன்மா, இருமல் குறைஞ்சிடுச்சு, நீ மாத்திரையை நிறுத்தாத,” என்று முடித்து முட்டியால் தட்டினான். கைப்பேசியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நகர்ந்தான். மைக் மூடியதா என்று பார்க்கவில்லை.

முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் சண்டை ஆரம்பித்தது.

“மச்சி, ஈரச்சுவரோட பேஸ் கிடார் எப்படி நடக்குது பாரு. அப்பட்டமா ரெகே,” என்றான் டிரம்மர்.

“ரெகேயாவது கிகேயாவது! பழைய சினிமாவுல ஹீரோயின் அழுதா பின்னாடி வாசிப்பான் பாரு, அந்த நடைடா இது. வேகத்தைக் குறைச்சிருக்கான், அவ்வளவுதான்,” என்றார் வெல்டர்.

“அண்ணே, உங்களுக்கு மிக்ஸி ஓடினாக்கூட பழைய சினிமாதான்.”

“நீ வாளியைத் தட்டி வளர்ந்தவன். உனக்கு என்னடா தெரியும்?”

இரண்டாவது பாட்டில் கிடார் தனியாக வந்தது. புது ஆள் வாசிப்பு என்பது மூவருக்கும் உடனே தெரிந்துவிட்டது. பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் முழுக் கார்டு எங்குமே இல்லை; அங்கங்கே ஓட்டை விட்டு, ஒல்லியாக, நொண்டியடித்துக்கொண்டு வந்தது. அந்த நொண்டலில் ஏதோ ஒரு அழகு. டிரம்மர் கீழே வந்திருந்த கமெண்ட்டுகளைப் படித்தான்.

“ஒருத்தன் சொல்றான், இது பழைய ஜாஸ் ஆளுங்க பாணியாம். இன்னொருத்தன் பங்க்ங்கிறான். இங்க ஒரு அறிவாளி, ‘கவனிச்சுக் கேளுங்க, இடது கையில ரெண்டு விரலை மட்டும்தான் பயன்படுத்துறாங்க, இது யாரோட தாக்கம்னு கண்டுபிடிச்சா பரிசு’ன்னு போட்டிருக்கான்.”

எலி ஸ்பீக்கரிடம் காதைக் கொண்டுபோனான். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

மூன்றாவது பாட்டு தொடங்கியது. முதல் வரிக்கு முன்னால், மூச்சை இழுப்பதற்கு முன்னால், ‘டக்’ என்று நாக்கைச் சொடுக்கும் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல், பாடுவதா முனகுவதா என்று பிரிக்க முடியாத குரல்.

எலி எழுந்து நின்றுவிட்டான்.

“என்னடா, பேயைப் பாத்தவன் மாதிரி நிக்கிற?”

“இது எங்க அக்கா.”

“யாரு?”

“எங்க அக்காண்ணே. மூணு வருஷமா எங்க இருக்கான்னு யாருக்கும் தெரியாது. பாட ஆரம்பிக்கும்போதெல்லாம் இப்படித்தான் நாக்கைத் தட்டுவா. அந்தக் கிடாரும் அவதான். அது யாரோட தாக்கமும் இல்லை. அவளுக்கு இடது கையில கடைசி ரெண்டு விரல் மடங்காது.”

டிரம்மர் பாட்டை நிறுத்தினான். “ஏன்? என்ன ஆச்சு?”

 ஊர் வீட்டுக் கதவு எலியின் கண்ணுக்குள் வந்து நின்றது. அவனுக்கு அப்போது இருபது வயது. அக்கா நாலு பையன்களோடு மேடையேறி வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்து, பெருமை தாங்காமல், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், லாரி ஓட்டும் அண்ணனிடம் உளறியவன் அவன்தான். அண்ணன் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், அக்காவைக் கூப்பிட்டார். கத்தவே இல்லை. அவள் கையைக் கதவிடுக்கில் வைத்து, கதவைச் சாத்தினார். ஒரு வாரம் கழித்து அவள் கிடாரோடு வீட்டைவிட்டுப் போனாள். “தேட மாட்டேன்,” என்று அண்ணன் சொன்னார். “ஆனா கிடைச்சா விட மாட்டேன்.” அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

வெல்டர் மெல்ல ஸ்பீக்கரைத் தொட்டார். “மறுபடியும் போடு. அக்கா நல்லாப் பாடுறாடா.”

மறுபடியும் ஓடியது. பாட்டின் நடுவில் குரல் நிற்கும் இடத்தில், தூரத்திலிருந்து ஊதல் மாதிரி ஒன்று வந்தது. உயரத்தில் எழும்பி, கீழே இறங்கும்போது உடைந்துபோகிற சத்தம்.

“டிராம்போன்,” என்றான் டிரம்மர், அறையின் இறுக்கத்தைத் தளர்த்துகிற மாதிரி. “பேண்டு வாத்தியத் தாக்கம். இது மட்டும் நிச்சயம்.”

“போடா. இது வாத்தியமே இல்லை.” வெல்டரின் முகம் மலர்ந்தது. “இந்தச் சங்கு எனக்குத் தெரியும். ரயில்வே கேட்டை ஒட்டின காகித ஆலை இல்லை? அங்க ஆறு மாசம் வேலை பாத்தேன். சங்கோட ரெண்டாவது குழல்ல விரிசல். பத்த வச்சதே நான்தான், சரியா ஒட்டலை. அதான் இறங்கும்போது இப்படி அழுவுது. உலகத்துல வேற எந்த ஆலைக்கும் இந்தக் குரல் கிடையாது. பின்னாடி மணி கேக்குதா? அது கேட் மணி. அப்படின்னா இவங்க பாட்டைப் பிடிச்சது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அங்க இருக்கிறதே மூணு வீடு.”

“அண்ணே, நீங்க ரசிகரே இல்லை, துப்பறியிற நாய்!” என்று டிரம்மர் வாளியைத் தட்டினான். எலிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீர். உயிரோடு இருக்கிறாள். பாடுகிறாள். விலாசமே கிடைத்த மாதிரி.

அப்போதுதான் கவிழ்ந்து கிடந்த கைப்பேசி தரையில் அதிர்ந்தது.

திருப்பினான். சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. குடும்பக் குழுவில், அவன் பெயரில், வரிசையாகச் சேதிகள். பாட்டு ஓடியபோது எழுதியவை அர்த்தமில்லாத குப்பை. மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தது: ஈரச்சுவர், மிக்ஸி, வாளி, இது எங்க அக்கா, காகித ஆலை, விரிசல் விட்ட குழல், மூணு வீடு. யார் எப்போது பேச்சை நிறுத்தினார்களோ அப்போதெல்லாம் மூன்று விநாடியில் ஒன்று போயிருந்தது.

அம்மா மட்டும்தான் பதில் போட்டிருந்தாள். “அவ இருக்காளாடா?” அதற்குக் கீழே, “என்ன பாடுறா? எழுதி அனுப்பு.”

அண்ணன் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் கடைசிச் சேதி வரைக்கும் அவர் படித்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்திருந்தது. அழித்துப் பயனில்லை. எலி அழிக்கத்தான் பார்த்தான். அவன் விரலுக்குத் திரை மசியவில்லை. டிரம்மர் பிடுங்கி அழித்தான்.

கால் மணி நேரத்தில் அண்ணியிடமிருந்து தனியாக ஒன்று வந்தது. “தம்பி, உங்க அண்ணன் லாரியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. கிளீனர் வேணாம்னுட்டாரு. இன்னைக்கு லோடே இல்லையே தம்பி.”

வெல்டர் படித்துவிட்டு எழுந்தார், உட்கார்ந்தார். “உங்க அண்ணனுக்கு அந்த ஆலை தெரியுமா?”

“வருஷக்கணக்கா அங்கேருந்து பேப்பர் ஏத்தியிருக்காருண்ணே.”

வெல்டர் பழைய சகாக்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு எண் உபயோகத்தில் இல்லை. இன்னொருவன் வேலையை விட்டு, இவர்களைப்போலவே வேறு ஏதோ தேசத்தில் இருந்தான். போலீஸ் என்று டிரம்மர் ஆரம்பித்தபோது எலி வேண்டாம் என்று தலையாட்டினான். விரல் ஒடிந்த அன்று அக்கா ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே அவளை உட்கார வைத்துவிட்டு அண்ணனுக்குத்தான் போன் போட்டார்கள்.

கடைசியில் எலி அண்ணனையே கூப்பிட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“அண்ணே… எங்க இருக்கீங்க?”

“ரோட்டுல.” இஞ்சின் சத்தம் சீராகக் கேட்டது. அவசரமே இல்லாத ஓட்டம்.

“லோடா?”

“ஆமா. பேப்பர்.”

“அண்ணி லோடு இல்லைன்னாங்களே…”

“போய் ஏத்திக்கிட்டு வரணும்.” கியர் மாறும் சத்தம் வந்தது. அப்புறம், “உடம்பு பரவாயில்லையா? இருமல்னியே.”

“பரவாயில்லைண்ணே. அண்ணே, நாங்க சும்மா ரூமுல கதையடிச்சோம். அது வேற யாரோ பொண்ணு. நான்தான் உளறிட்டேன்.”

“ம்.” ஹாரன் ஒரு முறை ஒலித்தது. “நானும் கேட்டேன். மூணாவது பாட்டு நல்லாத்தான் இருக்கு. உனக்கு நல்ல காதுடா.”

வைத்துவிட்டார்.

வீட்டிலிருந்து அந்த ஆலைக்கு லாரியில் ஏழு மணி நேரம். அண்ணன் கிளம்பியது பதினொன்றுக்கு. இரண்டு மணி நேரம் ஏற்கெனவே போயிருந்தது. மீதி ஐந்து.

இதற்கப்புறம்தான் எலி பாட்டுக்குக் கீழே பேச உட்கார்ந்தான். உட்கார்ந்தபோது, புதிதாக வந்த கமெண்ட்டுகளை டிரம்மர் மேலிருந்து படித்துக்கொண்டே வந்தவன், ஒன்றில் நின்றான். வாயால் படிக்காமல் திரையை அப்படியே நீட்டினான்.

‘கிணத்துத்தவளை’ என்ற பெயரில் ஒரு ரசிகர் எழுதியிருந்தார்: “டிராம்போனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது எங்க ஆலைச் சங்கு! நான் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மூணு வீட்டுல நடு வீடு, மஞ்சள் பெயிண்ட். ராத்திரி பகலா கிடார் சத்தம் வரும், இப்பதான் யாருன்னு புரியுது. நாளைக்குப் போய் கதவைத் தட்டி ஒரு செல்ஃபி எடுக்கப்போறேன்.” அதற்கு அறுபது லைக்.

மூன்று வீடு என்பது இப்போது ஒரு வீடாகிவிட்டது. நிறத்தோடு.

“உங்க அண்ணன் வழியில டீ குடிக்க நிறுத்துவாரு,” என்றார் வெல்டர், குரலைத் தாழ்த்தி. “போனைத் திறப்பாரு. இதையும் படிப்பாரு.”

எலி மறுபடியும் மைக்கை முட்டியால் தட்டினான். இந்த முறை சிவப்புப் புள்ளியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டான். வெல்டர் ஜன்னலைச் சாத்தினார். டிரம்மர் வாளியின் மேல் இரண்டு கையையும் அசையாமல் வைத்திருந்தான்.

“அக்கா, நீ இதைப் படிச்சா, எலி சொல்றேன். மறுபடியும் நான்தான் சொல்லிட்டேன். வேணும்னு இல்லைக்கா. அண்ணன் கிளம்பிட்டாரு. லோடு இல்லாம வராரு. ஆறு மணிக்குள்ள அங்க இருப்பாரு. கிடாரை எடுக்கணும்னு நிக்காத, அம்மாவுக்கு எழுதணும்னு நிக்காத, வாசலைத் தாண்டிடு.

“பேண்டுல இருக்கிறவங்க யாராவது பாத்தா, பாட்டை இறக்கிடுங்க, அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க.

“கிணத்துத்தவளை, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நீங்க சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன், நீங்க எழுதினதை அழிச்சிடுங்க. நாளைக்குப் போக வேணாம். இப்பவே போங்க. மஞ்சள் வீட்டுக் கதவைத் தட்டி, எலி அனுப்பினான்னு சொல்லுங்க, நம்புவா. மத்தவங்க இதுக்கு ஒரு லைக் போட்டு மேலேயே வச்சிருங்க, கிணத்துத்தவளை கண்ணுல இது படட்டும். தவளை, நீங்க போயிட்டு வந்து, வீடு காலியா இருந்துச்சுன்னு இங்க ஒரு வரி எழுதுங்க. அது போதும்.”