பெரியவள் அடுக்கிய தட்டுகள்

சின்னவள் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். உள்ளே வழவழவென்று ஒரு படலம். விரலால் தேய்த்தால் விரலோடு வந்தது.

"இதுல தண்ணி குடிக்கிறதா, தலைக்குத் தேச்சுக்கிறதா?" என்றாள்.

"உன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டுப் பாரு. டம்ளர் நல்லாத்தான் இருக்கு" என்றாள் பெரியவள், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

சின்னவளுக்கு வேலையே கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவதுதான். அவளிடமே இந்தப் பேச்சு. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இரண்டு மாதமாக இதே கதை என்பதால் சிரிப்பு வரவில்லை.

அக்காவும் தங்கையும் அந்த இரண்டாம் மாடி வீட்டில் ஒன்றாக இருக்க ஆரம்பித்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. பெரியவள் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சின்னவள் பண்ணிக்கொண்டு, நாலு வருடத்தில் ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். பெரியவள் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்தாள். டாக்டர்களே அவளிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிட்டுத்தான் மருந்தின் அளவை எழுதுவார்கள் என்று சொல்வதுண்டு. ஓய்வு பெற்ற வாரத்தில் அவளாகவே போய் ஒரு பாத்திரம் கழுவும் மெஷினை வாங்கி வந்தாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவிக் கழுவி அவளுடைய உள்ளங்கைத் தோல் வெடித்துப் போயிருந்தது. இனிமேல் சோப்புத் தண்ணீரில் கை வைப்பதில்லை என்று சபதம்.

அன்று முதல் மெஷின் அவள் பொறுப்பு. உயரவாரியாகத் தட்டுகள், வாய் கவிழ்ந்த டம்ளர்கள், ஒன்றை ஒன்று தொடாத கரண்டிகள். வார்டில் கட்டில் போடுகிற மாதிரி இருக்கும். சின்னவள் ஒரு கிண்ணத்தை இடம் மாற்றி வைத்தால்கூட, "அந்த பேஷண்டை யாரு அங்க மாத்தினது?" என்று கேட்பாள்.

அப்படிப்பட்ட மெஷின்தான் இப்போது பாத்திரங்களைப் போட்டதைவிட மோசமாக வெளியே தந்துகொண்டிருந்தது. தட்டுகளில் பிசுக்கு. டம்ளர்களில் வெள்ளைத் திட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கீழ் அடுக்கை உருவி வெளியே வைத்தாள். அடியிலிருந்த ஃபில்டரைத் திருகி எடுத்தாள். ஏதோ பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிள் ஊறிக் கூழாகி அடைத்திருந்தது. அதோடு பருக்கைகள், ஒரு ஊக்கு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள். தண்ணீரைச் சுழற்றிப் பீய்ச்சும் கைகள் இரண்டையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஊசி விட்டுக் குத்தினாள். கதவைச் சுற்றியிருந்த ரப்பரைத் துடைத்தாள். ஒரு கிண்ணம் வினிகரை வைத்து, பாத்திரமே இல்லாமல் மெஷினை ஒருமுறை ஓட்டினாள். சோப்புத் தூளையும் மாற்றினாள்.

மறுநாள் காலையில் திறந்து பார்த்தால், அதே பிசுக்கு.

ஞாயிறு முழுக்க முட்டி தேய உட்கார்ந்த எரிச்சல் சின்னவளுக்கு நாக்கு வரைக்கும் வந்தது.

"வார்டு பாத்தவதானே நீ? தட்டுல ஒட்டியிருக்கறத வழிச்சுப் போட்டுட்டு அடுக்கணும்னு தெரியாது? வீட்டுல உக்காந்து உக்காந்து சோம்பேறி ஆயிட்டக்கா."

ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பித் தருகிற பெரியவள், வாய் திறக்காமல் எழுந்து உள்ளே போனாள். சின்னவளுக்கு அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அதற்கடுத்த சில நாட்கள் பாத்திரங்கள் பளிச்சென்று இருந்தன. வினிகர் வேலை செய்துவிட்டது என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். கடையில் மின்சாரம் போய் மத்தியானமே வீடு திரும்பிய ஒரு நாளில்தான் உண்மை தெரிந்தது. மெஷினின் கதவு திறந்திருந்தது. கழுவி முடித்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தொட்டியில் நல்ல சூடான தண்ணீரில் கையால் மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள் பெரியவள். மணிக்கட்டு வரை சிவந்திருந்தது.

"என்னக்கா இது?"

"நீ வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்னு பாத்தேன்" என்றாள் பெரியவள், திருட்டுத்தனம் செய்து பிடிபட்டவள் போல.

சின்னவள் குழாயை மூடி, அக்காவின் கைகளைத் துண்டால் ஒற்றித் துடைத்தாள். அன்று மாலையே மெக்கானிக்குக்குப் போன் செய்தாள்.

மெக்கானிக் வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு பழைய போர்வைத் துண்டை எடுத்து விரித்து, அதன்மேல் மண்டியிட்டார். ஃபில்டரைத் தூக்கிப் பார்த்தார்.

"அட, சுத்தமா இருக்கே. நிறைய வீட்டுல இதைத் தொறந்தா மூக்கைப் பிடிச்சுக்கணும்."

"நான்தான் கழுவினேன்" என்றாள் சின்னவள், கொஞ்சம் பெருமையாக.

தண்ணீர் சூடாகிறதா என்று பார்த்தார். சூடானது. கைகள் சுழல்கின்றனவா, அழுக்குத் தண்ணீர் வெளியேறுகிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. தாடையைச் சொறிந்துகொண்டார். பிறகு கதவின் உள்பக்கம் இருந்த சின்ன மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டு எடுத்தார். முகர்ந்தார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார்.

"மேடம், இதுல என்ன ஊத்தறீங்க?"

"கடைசியா அலசறப்ப பளபளன்னு வர்றதுக்கு ஒரு திரவம் விக்கிறாங்களே, நீல பாட்டில், அதுதான்" என்றாள் சின்னவள்.

"இது அது இல்ல. சமையல் எண்ணெய்." விரலை நீட்டிக் காட்டினார். "மெஷின் பாவம், ஒழுங்காத்தான் கழுவுது. கழுவி முடிச்சு, கடைசி அலசல்ல இந்த எண்ணெயை எடுத்து எல்லாத்து மேலயும் பூசிடுது. நீங்க எத்தனை தடவை ஃபில்டரைக் கழுவினாலும் போகாது."

சின்னவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் அடுத்து, மெஷினுக்குள் அடியில் இருந்த உப்புத் தொட்டியின் மூடியைத் திருகினார். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க அதில் உப்புப் போட வேண்டும். ஒரு கரண்டியை விட்டு அள்ளினார். பாகு மாதிரி கொழகொழவென்று வந்தது.

"சர்க்கரை" என்றார். குரலைத் தாழ்த்தி, "வீட்டுல சின்னப் பசங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. நாங்க ரெண்டு பேர்தான்."

சமையலறை வாசலில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"கடைக்காரன் மாத்தி அடைச்சுக் குடுத்திருப்பான்" என்றாள்.

சின்னவள் அலமாரியைப் பார்த்தாள். மேல் தட்டில் நீல பாட்டில் இருந்தது. அதன் மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழிபடவில்லை. பெரியவளும் அந்தப் பக்கம் பார்த்தாள்.

"நான் இல்ல" என்றாள். பிறகு தங்கையைப் பார்த்து, "நான் இல்லடி" என்றாள்.

திரும்பி நடந்து தன் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை.

அடுப்பில் மறந்து கருகிய பால், இரண்டு முறை பூட்டுக்காரரை வரவழைத்த சாவி, ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டது எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வரிசையாகச் சின்னவளின் முன்னால் வந்து நின்றன. வயசாச்சு, எல்லாருக்கும் வருவதுதான் என்று ஒவ்வொன்றையும் அவள் தள்ளி விட்டிருந்தாள். மெக்கானிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நான்தாங்க" என்றாள் சின்னவள். உள் அறைக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள். "காலையில அவசரத்துல பாட்டிலை மாத்தி எடுத்திருப்பேன். எனக்கு எப்பவும் பறக்கறதே வேலை."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "நடக்கறதுதான் மேடம்" என்றார்.

அப்புறம் ஒன்றரை மணி நேரம் வேலை செய்தார். ஊசியில்லாத சிரிஞ்சால் எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். தொட்டியை வெந்நீர் விட்டு ஆறேழு முறை கழுவினார். புது உப்பைப் போட்டார். வெறும் மெஷினை ஓட்டிவிட்டு, ஒரே ஒரு டம்ளரை வைத்து மறுபடி ஓட்டினார். டம்ளர் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல வந்தது. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உப்பும் திரவமும் ஊத்தறப்ப மட்டும் நீங்க கூட இருந்துக்குங்க" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்ன நோட்டு. ஆஸ்பத்திரியில் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாளே, அந்த மாதிரி.

"எதுக்குடி பொய் சொன்ன?"

"எது பொய்?"

பெரியவள் நோட்டை நீட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் தேதி, நேரம், அவளுடைய நேர்கோட்டுக் கையெழுத்து. 'காலை 7.20. அடுப்பை அணைக்கவில்லை.' 'மாலை 4. மாடி வீட்டு அம்மாவின் பெயர் வரவில்லை. இருபது நிமிடம் கழித்து வந்தது.' 'பஸ்ஸில் இறங்கும் இடம் தாண்டிவிட்டது. பயம்.' நோயாளியின் தலைமாட்டில் தொங்குமே, அந்த அட்டையில் எழுதுவதைப் போலவே எழுதியிருந்தாள்.

"ஏழு மாசமா எழுதறேன்" என்றாள்.

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ பாக்க ஆரம்பிச்சுடுவ. நான் தட்டு அடுக்கறத, பூட்டுப் போடறத, மாத்திரை முழுங்கறத எல்லாம் நின்னு பாப்ப. நான் அப்படி எத்தனை பேரைப் பாத்திருக்கேன். படுத்திருக்கறவங்களுக்கு அது தெரியும்டி. தெரியாதுன்னு நாமதான் நெனச்சுக்கறோம்."

சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரியவள் நோட்டை வாங்கி, பின்னாலிருந்து முன்னால், முன்னாலிருந்து பின்னால் என்று புரட்டினாள்.

"ஒண்ணு விடாம எழுதறேன்னுதான் நெனச்சேன். எண்ணெய் ஊத்தினது இதுல இல்ல. சர்க்கரையும் இல்ல. தேடித் தேடிப் பாத்துட்டேன்." நோட்டை மூடினாள். "அப்படின்னா இதுல இல்லாதது இன்னும் எவ்வளவு இருக்கும்?"

வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனது.

"அக்கா, அன்னிக்குச் சோம்பேறின்னு சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

பெரியவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"எப்படி சொன்ன? எப்ப?"

விளையாடுகிறாளோ என்று சின்னவள் அவள் முகத்தைப் பார்த்தாள். இல்லை. பெரியவள் உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தாள். கிடைக்காமல் போகவே நோட்டைத் திறந்து பேனாவைத் தேடினாள். சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்லக்கா. சும்மா சொன்னேன்" என்றாள். மன்னிப்புக் கேட்க வந்தவளின் குற்றம், மன்னிக்க வேண்டியவளின் நினைவிலேயே இல்லாமல் போய்விட்டது.

மூன்று வாரத்தில் பரிசோதனைகள் முடிந்தன. டாக்டர் முடிவைச் சின்னவளைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவள் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"டாக்டர், நோட்டு எழுதினது நான். எங்கிட்ட சொல்லுங்க."

அவர் நாற்காலியைத் திருப்பி அவளிடமே சொன்னார். அவள் நோயின் பெயரை நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டாள். வெளியே வந்து படியில் இறங்கும்போது, "பரவாயில்ல, நான் நெனச்சதுதான்" என்றாள். சின்னவள் அழுதாள். "நடு படியில நிக்காதடி, வர்றவங்களுக்கு வழி விடு" என்றாள் பெரியவள்.

அதன் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் மெஷினில் பாத்திரம் அடுக்கியது பெரியவள்தான். உப்பையும் திரவத்தையும் சின்னவள் பார்த்துக்கொண்டாள். மெஷினில் ஒரு குறையும் இல்லை, டம்ளர்கள் மின்னின. அடுக்குவதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குலைந்தது. முதலில் கிண்ணங்கள் நிமிர்ந்து நின்றன. அப்புறம் கழுவிய தட்டுகளோடு கழுவாதவை கலந்தன. ஒரு நாள் கீழ் அடுக்கில் சின்னவளின் கைப்பை இருந்தது. பெரியவள் குளிக்கப் போகிற நேரத்தில் சின்னவள் எல்லாவற்றையும் எடுத்து ஒழுங்காக வைப்பாள். ஒருமுறை ஈரத் தலையோடு வந்து அதைப் பார்த்துவிட்டாள் பெரியவள்.

"மாத்தி வெச்சியா?"

"இல்லக்கா. நீ வெச்சபடியேதான் இருக்கு."

"இருக்கட்டும். அழகா இருக்கு" என்றாள்.

நோட்டு எழுதுவது அந்தக் குளிர்காலத்தில் நின்றது. கடைசிப் பக்கத்தில் நேரம் மட்டும் இருந்தது. என்ன நடந்தது என்று இல்லை. சின்னவள் கடையில் சொல்லி அரை நாள் வேலைக்கு மாறிக்கொண்டாள். காலையில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தாள்.

இரண்டாவது வருடம், ஒரு மாலை. மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பெரியவளை உட்கார வைத்துவிட்டு, சின்னவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் வெகுநேரம் அவளுடைய கைகளையே கவனித்தாள்.

"நீங்க இந்த வேலைக்கு வந்து ரொம்ப நாளாச்சா?" என்று கேட்டாள்.

பிறந்ததிலிருந்து சின்னவளை அவள் 'டி' போடாமல் கூப்பிட்டதில்லை. சின்னவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்க இடம் தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றாள்.

"ஆச்சுங்க" என்றாள்.

"நல்லா பண்றீங்க" என்றாள் பெரியவள். தன் கால்கள் இடைஞ்சலாக இருப்பதைப் பார்த்துவிட்டு, மரியாதையாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

சின்னவள் குனிந்து மீதித் தட்டுகளை உயரவாரியாக அடுக்கினாள். கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே தண்ணீர் விழ ஆரம்பித்தது.