தானாக நின்ற ரத்தம்

காலையிலிருந்து சாயங்காலம்வரை அடுத்தவர் ரத்தத்தோடு புழங்குகிறவள் அவள். பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி எடுப்பதும், சின்னக் குழாய்களில் அடைத்துச் சுழலவிடுவதும், கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்ப்பதும்தான் பிழைப்பு. அப்படிப்பட்டவள், கல்யாணமான புதிதில் ஒரு திங்கட்கிழமை காலை, தன் உள்ளாடையில் இருந்த இளஞ்சிவப்புக் கறையைப் பார்த்துவிட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைத் திறக்காமல் வெகுநேரம் நின்றாள்.

முந்தைய நாள் மதியம்தான் அவர்களுக்குள் முதல் முறையாக உறவு நடந்தது. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பி, வாடகை வீடு அப்போதுதான் இருவருக்கு மட்டும் என்று ஆகியிருந்தது. முடிந்தபிறகு விரிப்பில் ஒரு பொட்டளவு சிவப்பு. அதைப் பார்த்ததும் அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவன் குழாய் ரிப்பேர் வேலை செய்பவன். எங்கே கசிந்தாலும் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண்.

"அடிபட்டுடுச்சா? நான்தான்..." என்று பாதியில் நிறுத்தியவன், அன்று ராத்திரி கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். "நீ நிம்மதியா தூங்கு. இனிமே உன்னைத் தொடவே மாட்டேன்."

அந்த 'இனிமே'தான் அவளுக்கு உறுத்தியது. ஒன்றை முடிவு செய்துவிட்டால் எளிதில் இறங்கிவராத ஆள் அவன். அதை மாற்ற வேண்டுமானால் ரத்தம் ஏன் வந்தது என்று சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு முதலில் அவளுக்குத் தெரிய வேண்டுமே!

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மறுநாளும் கறை இருக்கிறது என்றால், தன் ரத்தத்துக்கு உறையத் தெரியவில்லையோ? வேலைக்கு வந்ததும் பரிசோதனைக் கூடத்தில் தன் விரல் நுனியைத் தானே குத்தினாள். ஊறிவந்த துளியை வடிதாளில் ஒற்றினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி. முதல் பொட்டு மிளகளவு, அடுத்தது கடுகளவு, அப்புறம் வெறும் நிழல். அதற்குப்பின் தாள் வெள்ளையாகவே இருந்தது. வெட்டுப்பட்ட இடத்துக்கு ரத்தத்தட்டுகள் ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அடைத்துவிடுகிற அந்த வேலையை எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு அலுக்காது.

"என்னடி, ஆள் வரலன்னு உன்னையே குத்திக்கிறியா?" வரவேற்பு மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். ரேடியோ என்று பட்டப்பெயர். அவள் காதில் விழுந்தது ஊர் காதில் விழுந்த மாதிரி.

"ஊசி கூரா இருக்கான்னு பாத்தேன்க்கா."

"புதுப்பொண்ணு பேச்சா இது! சரி, ஒரு லாரி டிரைவர் வந்திருக்காரு. ஆள்தான் மலை மாதிரி, ஊசின்னதும் நடுங்குறாரு."

ஆக, ரத்தத்தில் கோளாறு இல்லை. அப்படியானால்? யோசித்துக்கொண்டே டிரைவரின் கையில் பட்டையைக் கட்டினாள். மனுஷர் கையை இரும்பாக இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார்.

"அண்ணே, இப்படி விறைச்சா சாதாரணமா குத்துறதுகூட வலிக்கும். பயந்தா உடம்பு மூடிக்கும். மூச்ச விடுங்க, அவசரமில்ல."

சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அவர் மூச்சை விட்டார். அவளும் விட்டாள். படிக்கும்போது எப்போதோ மனப்பாடம் செய்த உடற்கூறு பாடம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, சொட்டாத குழாய் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

"கறை நின்னுடுச்சு."

அவன் நிமிரவில்லை. "உள்ள உடைஞ்சது ஆறணும்ல."

"நான் என்ன குழாயா, உடையறதுக்கு? கன்னத்துக்கு உள்பக்கம் நாக்கால தொட்டுப் பாருங்க. வழவழன்னு ஈரமா இருக்கா? அங்கயும் அப்படித்தான். அந்த வாசல் ஓரத்துல மெல்லிசா ஒரு விளிம்பு இருக்கும். முதல் தடவை அது விரியும்போது சில பேருக்கு லேசா கீறும். ஈரம் இல்லாம உரசினாலும் கீறும். பல்லு விளக்கும்போது ஈறுல ரத்தம் வருதே, அந்த மாதிரி. ஒண்ணு ரெண்டு நாள்ல தானா ஆறிடும்."

"ஏதோ திரை கிழியும்னு கூட வேலை பாக்குறவன் சொன்னான். ரத்தம் வந்தாத்தான் புதுசுன்னு அர்த்தமாம்."

"திரை போட்டு மூடியிருந்தா மாசாமாசம் எந்த வழியா வருது? அவரையே கேளுங்க."

அவன் யோசித்துப் பார்த்தான். அப்புறம் சிரிப்பு பீறிட்டது. "அட ஆமா! இத எவனும் யோசிக்கலயே!"

"நிறைய பேருக்கு வரவே வராது. வந்தாலும் வராட்டாலும் அதுல எந்தச் சாட்சியும் இல்ல. ஆனா நிறைய போனா, வலி நிக்காம இருந்தா, இல்ல ஒவ்வொரு தடவையும் வந்தா டாக்டரைப் பாக்கணும். அப்ப போவோம். இது அது இல்ல."

அவன் கையிலிருந்த குழாய்த் திருகியைக் கீழே வைத்தான். தயங்கிக் கேட்டான். "நேத்து வலிச்சுதா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அவன் மனம் லேசாகும். அவள் நாக்குநுனிவரை வந்தது.

"வலிச்சுது. பயத்துல விறைச்சுக் கெடந்தேன். ஈரமும் இல்ல, நேரமும் இல்ல."

"சொல்லியிருக்கலாம்ல."

"கேட்டிருக்கலாம்ல."

அவன்மேல் கோபம் இருந்ததா என்று அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். இருந்தது, கொஞ்சமாக. சொன்னதில் அதுவும் குறைந்திருந்தது.

"இப்ப?"

"லேசா எரியுது."

"அப்ப அது நல்லா ஆறட்டும். எப்பன்னு நீயே சொல்லு. நடுவுல நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடுறேன்."

"அப்ப 'இனிமே தொடவே மாட்டேன்'னு சொன்னது?"

"அது ஒண்ணும் தெரியாம சொன்னது." அவன் நகர்ந்துவந்து அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டான். இடையில் ஒரு கை அகலம் விட்டிருந்தான். "தோள்ல சாஞ்சா வலிக்குமா?"

"வலிக்காது," என்றாள். "சாயுங்க."