பூட்டுக்காரர் வரைந்த முகம்

பூட்டுக்காரரின் மனைவிக்கு மூக்கு இடது கன்னத்துக்கு நகர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே காலுக்கு. அதற்கு அரை மணி நேரம் முன்புதான் அவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் படம் வரைய உட்கார்ந்திருந்தார். கடை ஏணியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா விட்டால் மனுஷன் வீட்டுப் பூட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிடுவார் என்று பயந்து, குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்த மனைவி ஒரு நோட்டும் பென்சிலும் ரப்பரும் வாங்கி வந்தாள். நாற்பத்தெட்டு வயதில் இதென்ன கூத்து என்று முனகிக்கொண்டே, எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளையே வரைந்தார். மூக்கு தள்ளி விழுந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அவள் முகத்திலும் அது அங்கேதான் இருந்தது. அவள் தடவிப் பார்த்தாள், மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. "சரி, மூக்கு கெடக்குது விடுங்க. புருவம் எவ்ளோ அம்சமா வந்திருக்கு பாருங்க" என்றாள்.

பதறிப்போய் அவர் ரப்பரால் மூக்கைத் துடைத்தார். பாவம், அவர் மறுபடி வரைந்து முடிக்கும்வரை அவள் கால் மணி நேரம் வாயால் மூச்சு விட வேண்டியதாயிற்று. அன்றோடு ரப்பர் ஜன்னல் வழியே போனது. முகம் மாற வேண்டுமானால் புதுத் தாளில் முழு முகத்தையும் மறுபடி வரைந்தாக வேண்டும், வேறு வழியில்லை. அவர் கற்றுக்கொள்ளும்வரை அவளுக்குச் சொந்த முகம் கிடையாது. இது இருவருக்கும் தெரியும், ஆனால் அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. மாவுக்கட்டு பிரித்த பிறகும் தினம் கடை சாத்திவிட்டு வந்து அவர் வரைந்தார். அவள் அசையாமல் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் அடையாள அட்டையை வாங்கி வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்றாம் வாரம் அலுத்துப்போய், செருப்புச் சத்தத்தை வைத்தே உள்ளே விட்டார். ஊசிக்கு அழ வேண்டிய பிள்ளைகள் இன்றைக்கு என்ன முகம் என்று பார்த்துச் சிரித்தன. சிரித்து முடிப்பதற்குள் ஊசி ஏறிவிடும்.

ஐந்தாவது மாதம் அவர் அவளுடைய வாயைச் சட்டைப் பொத்தான் அளவுக்கு வரைந்துவிட்டார். அவள் இரவுச் சாப்பாட்டை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சியதைப் பார்த்ததும் மனுஷனுக்குத் தாங்கவில்லை. பென்சிலை அலமாரிக்கு மேலே வீசிவிட்டு, "எனக்கு இது வராதும்மா. விட்டுடறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

"விடுங்க, யாரு வேண்டாம்னா? என் வாயைக் குடுத்துட்டு விடுங்க" என்றாள், அந்தப் பொத்தான் வாயாலேயே. பிறகு நோட்டை முதலிலிருந்து புரட்டினாள். "இந்தக் காதைப் பாருங்க, அப்பளம் மாதிரி இருந்துது. நேத்து வரைஞ்ச காதைப் பாருங்க. கம்மல் போடலாம் போல இருக்கு."

அவர் பார்த்தார். காது உண்மையிலேயே தேறியிருந்தது. நாற்காலி போட்டு ஏறிப் பென்சிலை எடுத்தார். அன்றைக்குத்தான் அவருக்கு ஒன்று உறைத்தது: சாவி வெட்டும்போது பல் பல்லாக உற்றுப் பார்க்கிறவர், இவளைப் பார்க்காமல், வாய் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தன் பாட்டுக்குக் கிறுக்கிக்கொண்டிருந்தார். ஆனால் இப்போது பார்க்க வேண்டிய முகமோ அவரே வரைந்தது. அதனால் தொடாமல் விட்டிருந்த இடங்களிலிருந்து ஆரம்பித்தார். தாடைக்குக் கீழே ஒரு தழும்பு. சிரிக்கும் முன்பே சுருங்கும் வலது கண். இருபத்திரண்டு வருஷமாக இதையெல்லாம் பார்க்காமல் எங்கே போயிருந்தோம் என்று வெட்கப்பட்டார். அந்த வெட்கத்திலும் ஒரு சந்தோஷம் இருந்தது.

நாலு வருஷமும் பதினோரு நோட்டும் ஆயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பென்சிலைக் கீழே வைத்தார். அவள் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்று, "நான்தான்" என்றாள். கன்னத்தில் மட்டும் முன்பு இல்லாத ஒரு குழி. மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, கையை வைத்தால் தெரியும் என்றாள். வார்டில்தான் துக்கம், அந்த வாரம் ஒரு பிள்ளைகூட ஒழுங்காக ஊசி போட விடவில்லை.

அடுத்த ஞாயிறு அவளே ஒரு புது நோட்டு வாங்கி வந்தாள். பென்சிலைச் சீவினாள். "எனக்கும் ஆசையா இருக்கு. மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு ஆடாம உக்காருங்க." அவர் தன் மூக்கை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். இருந்தாலும் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு, இரண்டு காதும் ஒரே பக்கம் இருக்க, அவர் கடையைத் திறந்தார். முதலில் வந்த ஆள் சாவியை நீட்டிவிட்டு அவரையே பார்த்தபடி நின்றார்.

"காதை விடுங்க. மீசையைப் பாருங்க, முதல் தடவையிலேயே எவ்ளோ நல்லா வரைஞ்சிருக்கா!" என்றார் பூட்டுக்காரர்.

அந்த ஆள் குனிந்து, பக்கவாட்டிலும் சாய்ந்து பார்த்தார். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, சாவி எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேட்டார்.