அப்பாவின் கிழிந்த பக்கங்கள்

நஃப்தாலி கோபக்காரர். தைவானில், இந்தத் தைபே நகரத்தில் யூதர்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரிலும் பாதிப் பேரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. மாதம் ஒரு ஞாயிறு நான் நடத்தும் பேச்சு நிகழ்ச்சிக்கு அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

பழைய நூல்கள் எங்கே போகின்றன என்று பேசுவதாகச் சொன்னார். கடவுள் பெயர் எழுதிய தாள் கிழிந்துபோனால் நாங்கள் எறிய மாட்டோம். மனிதரைப் போல மண்ணில் புதைப்போம். அவர் அப்பா பெர்லினிலிருந்து தப்பி ஓடி வந்தபோது கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்த பிரார்த்தனைப் புத்தகம் உதிரிப் பக்கங்களாகிக் கிடந்தது. பேச்சு முடிந்த மறுநாள் அதை அப்பாவின் கல்லறையருகே புதைப்பதாக ஏற்பாடு.

அந்த எழுத்துகளைப் பார்த்து ஓவியம் வரையப் பக்கங்களை வாங்கிப் போயிருந்தாள் இன்-மெய். தெற்கே மெய்னோங் ஊரில் பிறந்த ஹக்கா இனத்துப் பெண். ஞாயிறன்று கூட்டம் சேரும் முன்பே ஓவியங்களோடு வந்துவிட்டாள். பக்கங்களைக் காணோம்.

"பக்கமெல்லாம் எங்கேம்மா?" என்றார் நஃப்தாலி.

"எரிச்சிட்டேன் ஐயா. முறையாத்தான்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"எரிச்சியா? உன்கிட்ட நான் என்ன சொன்னேன்?"

"வேலை முடிஞ்சதும் குப்பையில போட்டுடாதே, எழுத்து புனிதம்னு சொன்னீங்க. எங்க ஊர்லயும் அப்படித்தான் ஐயா. எழுதின தாளை மிதிக்கக்கூட விடமாட்டோம். அதை எரிக்கன்னே கோபுரம் மாதிரி ஒரு அடுப்பு இருக்கு. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு நானே கொண்டு போனேன்."

புதைப்பதைப் பற்றி அவளிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்கு அது சொல்லித் தெரியவேண்டிய விஷயமா என்ன?

கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எங்கப்பா பெர்லின்ல நாஜிங்க புத்தகம் எரிச்சதைப் பார்த்திருக்கார். சுத்தி நின்னு பாட்டுப் பாடினாங்களாம்," என்றார். பிறகு, "நீ எரிச்சப்போ என்ன பண்ணின?"

"ஊதுபத்தி ஏத்தினேன். ஒவ்வொரு பக்கமா வெச்சேன். குனிஞ்சு கும்பிட்டேன்."

அவர் பிடித்திருந்த நாற்காலியை இழுத்து அவளெதிரே உட்கார்ந்தார். "ஒவ்வொரு பக்கமாவா? அப்புறம் சாம்பலை என்ன பண்ணுவீங்க?"

"சேர்த்து வெச்சு, புது வருஷம் பிறந்ததும் மேளதாளத்தோட ஆத்துல விடுவோம். உங்களோடதை மட்டும் தனியா எடுத்துட்டு வந்திருக்கேன். உங்களைக் கேட்காம விட மனசு வரல." பையிலிருந்து ஒரு மூடிய ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அவர் பிடிவாதமாகச் சொல்லி, அன்று மேடையில் அவருக்குப் பதிலாகப் பேசியது அவள்தான். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு நஃப்தாலி கையைத் தூக்கித் தூக்கிக் கேட்டார். அந்தக் கோபுரத்தை யார் கட்டினார்கள்? கடன் பத்திரத்தையும் எரிக்கலாமா? தப்பும் தவறுமாக எழுதின தாளுக்கும் அதே மரியாதைதானா? வேறு யாரையும் வாய் திறக்க விடவில்லை மனுஷன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கூட்டம் கலைந்ததும், மறுநாள் அந்தச் சாம்பலை அப்பாவின் கல்லறையருகே புதைக்கப்போவதாக அவளிடம் சொன்னார். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நாளைக்கு இதைப் புதைக்கிறப்போ நானும் வரலாமா ஐயா?"

"நல்லா கேட்ட போ. எங்கப்பா புத்தகத்துக்குக் காரியம் பண்ணினதே நீதான். நீ வராம நாங்க எப்படிப் புதைக்கிறது?"