எதிரே உட்கார ஓர் ஆள்

ஆயம்மாள் செத்து நான்கு நாளாகியும் முனியன் ஒரு வாய் சோறு தின்னவில்லை. வடக்கனந்தல் காலனித் தெருவில் யாரும் அவனைப் பட்டினி போட்டுவிடவில்லை. அடுப்பு மூட்டாத அந்த வாசலுக்கு ஒருவர் மாற்றி ஒருவர் குண்டானிலும் தூக்குச்சட்டியிலும் சோறு கொண்டுவந்து வைத்தார்கள். "முனியா, சாப்புடு" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருந்தது. அம்மா செத்த ஏக்கம் என்றார்கள் சிலர். வீம்பு என்றார்கள் சிலர்.

முனியனுக்கு நாற்பத்தொரு வயது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். மூளை வளர்ச்சி குறைவு என்று சின்ன வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். குழாயில் தண்ணீர் பிடிப்பான், கரும்புச் சோகையைக் கட்டித் தலையில் தூக்கிவருவான், ஆடுகளை ஓட்டிப்போய் ஒன்றுகூடத் தவறாமல் திருப்பி ஓட்டிவருவான். தனியாக பஸ் ஏறத் தெரியாது. நாலு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேச மாட்டான். ஆயம்மாள் கூலி வேலைக்குப் போகும் இடத்துக்கெல்லாம் அவனைக் கூட்டிக்கொண்டு போவாள். தெருவில் அவனை யாரும் அடித்ததில்லை, ஏசியதில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால் ஆயம்மாளிடம், "நீ வந்துடு" என்று மட்டும்தான் சொல்வார்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்று சொன்னவர்கள் இல்லை. அதனால் அவளும் எங்கும் போனதில்லை.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு ரங்கம்மாள் களை வெட்டிவிட்டுக் களைப்பாக வந்தாள். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் எடுத்துக்கொண்டு முனியன் வீட்டுக்குப் போனாள். அவளும் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை. கால் வலித்ததால் அங்கேயே அவனுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு விள்ளல் களியைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். முனியன் அவளைப் பார்த்தான். மெதுவாகத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தான். அவள் நிறுத்தினாள். அவனும் நிறுத்தினான். அவள் மறுபடி தின்றாள். அவனும் தின்றான்.

ரங்கம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு வேளைகூட ஆயம்மாள் அவனைத் தனியாகச் சாப்பிட விட்டதில்லை.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் ரங்கம்மாள் தன் சோற்றையும் அவன் சோற்றையும் சேர்த்து எடுத்துப்போய் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளுக்கு நாற்பத்தைந்து வயது. பிள்ளை இல்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறொருத்தியோடு குடும்பமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஒன்பது வருஷமும் அடுப்பங்கரையில் நின்றபடியே சட்டியிலிருந்து வழித்துத் தின்று பழகியவள் அவள். இப்போது எதிரே ஒருவன் உட்கார்ந்து, அவள் வாய் அசைவதைப் பார்த்துத் தன் வாயை அசைத்தான். குழம்பு காரமாக இருந்தால், "யக்கா, தண்ணி" என்றான். சில நாள் அன்றைக்கு ஆடு மேய்த்த இடத்தைக் கை நீட்டிக் காட்டி, "மயில் வந்துச்சி" என்றான். அவளும் அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள். புரிந்ததா இல்லையா என்று அவள் கவலைப்படவில்லை. கேட்க ஓர் ஆள் இருந்தது.

கார்த்திகையில் அவளுடைய அண்ணன் தங்கதுரை நைனார்பாளையத்திலிருந்து வந்தான். தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்காமலே பேசினான்.

"இன்னா ரங்கம்மா, ஊர்ல இன்னாமோ பேசிக்கிறாங்களே."

"இன்னா பேசிக்கிறாங்க?"

"தெரியாத மாரி கேக்காத. நீ ஒண்டியா இருக்கிற பொம்பள. அவன் கொழந்த மாரின்னு உனுக்குத் தெரியும், எனுக்குத் தெரியும். பாக்கறவன் கண்ணுக்கு ஆம்பளயாத்தான் தெரியுது."

"சோத்த வச்சிட்டு வந்தா தின்ன மாட்டேன்றாண்ணே. நானு இன்னா பண்ணட்டும்?"

"அவன மாரி ஆளுங்கள வச்சிப் பாக்கறதுக்குன்னே கள்ளக்குறிச்சிக்கு அந்தாண்ட ஒரு இல்லம் இருக்குது. நல்லா பாத்துக்கிறாங்களாம். அங்க சேத்து வுட்டுடு. இன்னும் பத்து நாள்ல நீயும் கரும்பு வெட்டப் போயிடுவ. அப்ப எவ வந்து உக்காருவா அவனுக்கு?"

அண்ணன் போன பிறகு அவள் தனக்குள் அந்த அண்ணனையே திட்டித் தீர்த்தாள். ஆனால் மறுநாள் குழாயடியில் குடத்தோடு போய் நின்றபோது, அதே தெரு இருசம்மாளும் மற்றவர்களும் பேசிக்கொண்டிருந்ததைச் சட்டென்று நிறுத்தினார்கள். குடம் நிறையும் சத்தம் மட்டும் கேட்டது. அன்று சாயங்காலம் அவள் முனியனுக்கு எதிரே உட்கார்ந்தபோது முதல் தடவையாகத் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இல்லத்தில் சேர்க்க டீக்கடை நாராயணசாமி விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தார். அவளிடம் கைப்பேசி இல்லை என்பதால் தன் நம்பரையே போட்டார். "உறவுன்னு ஒரு எடம் இருக்குது. இன்னா போடட்டும்?" என்று கேட்டார். ரங்கம்மாள் கொஞ்சம் யோசித்து, "பக்கத்து வூடுன்னு போடுங்க" என்றாள்.

அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தபோது இல்லம் சுத்தமாக இருந்தது. அங்கே பொறுப்பிலிருந்த பெண் அன்பாகப் பேசினாள். ரங்கம்மாள் சாப்பாட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். உட்கார இரண்டு வரிசையாகத் தடுக்குப் பாய் போட்டிருந்தது.

"எதுரெதுரா உக்காந்துதான் சாப்புடுவாங்களா?"

"ஆமாங்க, எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவாங்க."

அந்த ஒரு பதிலில் அவள் மனம் ஆறியது. முனியன் வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரிடமும் சொல்லிக்கொள்வதுபோல அவனிடமும், "முனியா, போய்ட்டு வரேன்" என்றாள். அவன் தலையாட்டினான்.

"வா" என்றான்.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டு தொடங்கியிருந்தது. வடக்கனந்தலிலிருந்து பத்துப் பேர் போய், கரும்புக் காட்டோரம் கீற்றுக் கொட்டாய் போட்டுத் தங்கினார்கள். விடியற்பனியில் கத்தியை எடுத்தால் இருட்டும்வரை வெட்டு. இருசம்மாளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். இப்போது அவள் ரங்கம்மாளிடம் நன்றாகத்தான் பேசினாள். ஆனாலும் மற்றவர்கள் புருஷன் பிள்ளை என்று கூடி உட்கார்ந்து சாப்பிடும்போது, ரங்கம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள். சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் கூட்டத்து மேஸ்திரியின் கைப்பேசிக்கு நாராயணசாமி கூப்பிட்டார்.

"ரங்கம்மா, முனியன் வந்துட்டான். நேத்து இல்லத்துல இருந்து காணம்னு போன் பண்ணாங்க, அவங்களும் தேடிக்கினு இருந்தாங்க. நம்மூரு மலையப் பாத்துக்கினே நடந்து வந்திருக்கான். கால் ரெண்டும் கொப்புளம். உன் வூட்டு வாசல்ல குந்திக்கினு இருக்கான். டீ குடுத்தன், பன்னு குடுத்தன், தொடல. எதுர உக்காந்தும் பாத்துட்டன்."

"நீங்க சாப்ட்டீங்களா?"

"நானு எதுக்கு சாப்புடணும்?"

"நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க. அப்பதான் தின்னுவான்."

அவர் பன்னைக் கடித்து மெல்லும் சத்தம் போனில் கேட்டது. பிறகு நாராயணசாமி, "தின்றான்" என்றார்.

ரங்கம்மாள் மறுநாள் காலை பஸ்ஸில் சங்கராபுரம் வந்து, அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக ஊர் சேர்ந்தாள். தெருவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. முனியன் அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வரேன்னியே" என்றான்.

இல்லத்துப் பெண்ணிடம் நாராயணசாமி ரங்கம்மாளைப் போனில் பேசவைத்தார். அந்தப் பெண்ணின் குரலும் கலங்கித்தான் இருந்தது. "வேளைக்கு ஒழுங்கா சாப்பிட்டாருங்க. சாப்பிட்டதும் கம்பிக் கதவுகிட்ட வந்து நின்னுக்குவாரு. அக்கா வரும், அக்கா வரும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. பால் வண்டி வந்தப்ப கதவு திறந்திருந்துச்சு, எங்க தப்புதாங்க."

'போய்ட்டு வரேன்' என்பது எல்லாரும் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை என்று முனியனுக்கு எப்படிச் சொல்வது? பத்து நாள் அவன் அந்தக் கதவருகே நின்றிருக்கிறான். ரங்கம்மாள் அடுப்பை மூட்டினாள். வெந்நீர் போட்டு அவன் காலைக் கழுவினாள். சோறு வடித்து, உள்ளே போகாமல், தெருவைப் பார்த்த வாசலிலேயே அவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். யார் பார்க்கிறார்கள் என்று இந்தத் தடவை அவள் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து அவனையும் கூட்டிக்கொண்டு கரும்புக் காட்டுக்குத் திரும்பினாள். மேஸ்திரி ஒப்பவில்லை.

"கத்தியும் டிராக்டருமா இருக்கிற எடம் ரங்கம்மா. அவனுக்கு ஒண்ணு ஆச்சின்னா நாந்தான் பதில் சொல்லணும். எனுக்கு அவன் மேல இன்னா கோவமா?"

"கத்தி குடுக்க வேணாம். கட்டு கட்டுவான், தூக்குவான். நானு பாத்துக்கிறன்."

"நீ வெட்டுவியா, அவனப் பாப்பியா?"

ரங்கம்மாள் திரும்பி முனியனைப் பார்த்தாள். முனியன் மூட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். அப்போது இருசம்மாள் கத்தியைத் தீட்டிக்கொண்டே பேசினாள்.

"ஏன், அவ ஒருத்திதான் பாக்கணுமா? நாம இத்தினி பேரு இருக்கமில்ல." பிறகு ரங்கம்மாளைப் பார்க்காமலே சொன்னாள்: "ஒருத்தி எதுர உக்காந்தா பேச்சு வரும். பத்து பேரு சேந்து உக்காந்தா இன்னா பேச்சு வரும்? அப்ப நானுந்தான் பேசனன். பேசாதவ மாரி இப்ப இருக்க முடியுமா?"

அன்று மத்தியானம் பத்துப் பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். முனியன் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. மூன்றாம் நாள் டிராக்டர் ஹாரன் அடித்ததில் முனியன் மிரண்டு, வெட்டாத கரும்புக்குள் ஓடிப் புகுந்துகொண்டான். வெட்டை நிறுத்திவிட்டு எல்லோரும் வரப்பு வரப்பாகக் கூப்பிட்டும் அவன் வெளியே வரவில்லை. கடைசியில் மேஸ்திரியே சலித்துப்போய், "சோத்த எடுங்க, சாப்புடலாம்" என்றார். எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தபோது, கரும்புத் தோகை கன்னத்தில் கீறிய கோடுகளோடு முனியன் வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அதன்பிறகு டிராக்டர்காரன் அந்தக் காட்டுக்குள் ஹாரன் அடிக்கவில்லை. முனியன் கட்டிய கட்டு ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை என்பதை மேஸ்திரியே பின்னால் மற்ற கூட்டத்தாரிடம் சொன்னார்.

பங்குனியில் ஊர் திரும்பினார்கள். கொட்டாயில் நடந்ததுபோலவே தெருவிலும் நடக்கட்டும் என்று இருசம்மாள்தான் பேசி முடிவு செய்தாள். வாரத்துக்கு ஏழு வீடு. வீட்டு வாசலுக்குச் சோறு அனுப்புவதில்லை. முனியனே அந்த வீட்டுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவான். வியாழக்கிழமை நாராயணசாமி வீடு. புதன்கிழமை இருசம்மாள் வீடு. செவ்வாய்க்கிழமை ரங்கம்மாள். முதல் மாதம் கிழமையைக் குழப்பிக்கொண்டு தினமும் ரங்கம்மாள் வீட்டுக்கே வந்து நின்றான். அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உரிய வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். அப்படி விட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் மெதுவாகத்தான் நடந்தாள்.

சித்திரையில் இருசம்மாள் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். இருசம்மாள் முனியன் வீட்டுக்கே வந்து, அவன் கையில் பத்திரிகையைக் கொடுத்து, "நீ வந்துடு முனியா" என்றாள். அவன் அதை ஆயம்மாள் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தான். பந்தியில் அவன் மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டதை ரங்கம்மாள் தூரத்திலிருந்து பார்த்தாள். முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

இப்போது அவனுக்குக் கிழமை பிசகுவதில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு அவள் வாசல் வழியாகப் போகும்போது அவள் கேட்பாள்: "இன்னிக்கி யாரு வூடு?"

"இருசு வூடு" என்பான், சரியாக.

"சரி, போ."

ஒருநாள் இருசம்மாள், "நீயும் புதன்கெழம வந்து கூட உக்காரேன்" என்று கூப்பிட்டாள். ரங்கம்மாள் ஒரு தடவை போனாள். அங்கே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று முனியனைச் சுற்றி ஒரே சிரிப்பாக இருந்தது. அவளுக்கும் நல்ல கவனிப்பு நடந்தது. அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவனுக்குத்தானே ஆள் வேண்டியிருந்தது, தனக்கில்லையே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. யாரிடம் போய் அதைச் சொல்வது?

ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை. இருசம்மாள் வீட்டிலிருந்து முனியன் எதற்கோ உரக்கச் சிரிக்கும் சத்தம் அவள் அடுப்பங்கரை வரைக்கும் கேட்டது. இத்தனை வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருந்தவன் இப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் காதுகொடுத்து நின்றாள். மலைப்பக்கம் மேகம் இறங்கி, தூறல் விழ ஆரம்பித்தது. வாசலில் காயப்போட்டிருந்த துவரையை அள்ளுவதற்காக முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.